படத்தின் ஓரத்தில் ஒரு புதுக்கோட்டை

திருமயம் கோட்டைக்குள் டிக்கெட் வாங்கி நுழைந்தவர்கள் எல்லாரும் நேரே பாறைமேல் ஏறப் போய்விட்டார்கள். நான் மட்டும் வாசலுக்கு உள்ளே இருக்கும் கல் மண்டபத்தின் முன்னால் ஒரு பெரிய காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னே இரண்டடி, பின்னே நாலடி என்று நகர்ந்துகொண்டிருந்தேன். காவலுக்கு உட்கார்ந்திருந்தவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்தார்.

"என்ன சார், அளவெடுக்கிறீகளா?"

"இல்லண்ணே. இந்தப் படத்தை எந்த இடத்துலேருந்து எடுத்திருப்பாகன்னு பாக்கிறேன்."

வாங்கிப் பார்த்தார். படத்தையும் மண்டபத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எப்ப எடுத்தது?"

"1858ல."

"அப்பவே போட்டோ இருந்துச்சா!" என்றவர் அடுத்த கேள்வியை உடனே கேட்டார். "ஆளு ஒருத்தரையும் காணுமே. ஊரே காலியாவா கெடந்துச்சு?"

பழைய புகைப்படங்களைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் பலவற்றைவிட அந்தக் கேள்வி உருப்படியானது. ஊர் காலியாக இல்லை. படம் எடுத்தவருக்கு ஊர் தேவைப்படவில்லை.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் கேப்டன். சென்னை அரசாங்கம் 1856இல் அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 கடைசியிலும் 1858 தொடக்கத்திலும் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் முழுசாக அடங்காத நேரம் அது. இங்கே ஒரு ராணுவ அதிகாரி கோயில் தூண்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஊர்வாரியாக ஆல்பங்கள் வெளியாயின. புதுக்கோட்டைக்கும் தனி ஆல்பம் உண்டு. திருமயம் அதில்தான் வருகிறது. அவர் எழுதிய எழுத்துக்கூட்டில் இந்த ஊர் 'டிரிமியம்'. என் கையில் இருந்த படத்துக்கு அவர் கொடுத்த தலைப்பு, வாசலுக்கு உள்ளே இருக்கும் மண்டபம் என்பதுதான். அலங்காரம் ஏதும் கிடையாது; சர்வேக்காரர் குறிப்பு எழுதுகிற தோரணை.

அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ். அதே காலத்தில் கண்ணாடித் தகட்டில் ஈரமாக எடுக்கும் முறையும் வந்துவிட்டது. ஆனால் கண்ணாடியில் மருந்து தடவினால் அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். புதுக்கோட்டை வெயிலில் அது எத்தனை நிமிஷம் தாங்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து பெட்டியில் எடுத்துப் போகலாம். எடுத்த பிறகு நிதானமாகக் கழுவலாம். அதற்கு விலை, எக்ஸ்போஷர் நேரம். நிமிஷக்கணக்கில் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நடந்து போகிறவர் படத்தில் பதியமாட்டார். நின்று பேசிக்கொண்டிருப்பவர் புகை மாதிரி ஒரு கறையாக விழுவார். ஆகவே ஆள்களை விலக்குவதே வசதி. மரத்தின் இலை காற்றில் ஆடினால் அதுவும் கலங்கும். காகித நெகட்டிவில் வானம் திட்டுத்திட்டாக வரும். டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டிச் சரிக்கட்டினார். அவருடைய பல படங்களில் நாம் ரசிக்கிற மேகம், மேஜையில் உட்கார்ந்து போட்ட மேகம்.

மண்டபத் தூண்களுக்கு நேர் எதிரே நின்றால் நிழல் ஒத்துவரவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, காலை வெயில் சாய்வாக விழும் கோணத்தில் நின்றபோது தூண் வரிசை படத்தில் இருப்பது போலவே பின்னால் ஓடியது. அங்கேதான் முக்காலியை ஊன்றியிருப்பார் என்று வைத்துக்கொண்டேன். கல்லில் பெரிய மாற்றம் இல்லை. மாற்றமெல்லாம் கல்லைச் சுற்றி: தொல்லியல் துறையின் நீலப் பலகை, இரும்புக் கிராதி, குப்பைத்தொட்டி, தூணில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள். கோட்டை 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. பின்னால் புதுக்கோட்டை ராஜாக்களான தொண்டைமான்கள் வசம் வந்தது. ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள், இப்போது மிஞ்சியது கொஞ்சம். டிரைப் வந்தபோதே இது சண்டை போடும் கோட்டை இல்லை. அவர் எடுத்ததே ஒரு பழம்பொருளைத்தான்.

மேலே ஏறினேன். பாதிவழியில் ஏணி வைத்து ஏறும் குடைவரை லிங்கம், உச்சியில் பீரங்கி. அங்கிருந்து பார்த்தால் கீழே சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில், சத்தியகிரீஸ்வரர் கோயில், குளம், அப்புறம் காரைக்குடி சாலை. சாலை ஓரத்தில் கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைக்க நிற்கும் லாரிகள், வேன்கள், தேங்காய்க் கடைகள், டீக்கடை. திருமயத்தின் வியாபாரம் முழுக்க அந்தச் சாலை ஓரத்தில் இருக்கிறது. 1858இலும் கோயில் இருந்த ஊரில் தேங்காய் விற்றவர் ஒருவர் இருந்திருப்பார். அவரைப் படம் எடுக்கச் சொல்லி யாரும் டிரைப்புக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. டிரைப்புக்கே சம்பளம் நீடிக்கவில்லை என்பது வேறு கதை: 1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், கஜானா இருக்கிற நிலைமையில் இந்தப் புகைப்படச் செலவெல்லாம் ஆடம்பரம் என்று திட்டத்தை இழுத்து மூடிவிட்டார். நிதி இலாகாக்காரர்கள் எந்தக் காலத்திலும் நிதி இலாகாக்காரர்கள்தான்.

திருமயத்திலிருந்து கடியாபட்டிக்குப் போனேன். இராயவரம், அரிமளம், கோனாப்பட்டு, நச்சாந்துபட்டி, கடியாபட்டி எல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வரும் நகரத்தார் ஊர்கள். செட்டிநாடு என்றால் காரைக்குடியோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் ஒரு நடை வரலாம். தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பாதி பூட்டிக் கிடக்கின்றன. சில இடிந்து, பர்மாத் தேக்குத் தூண்கள் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன.

நண்பர் மூலம் ஏற்பாடு செய்திருந்த ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் இருந்தார். எண்பதைத் தாண்டிய வயது. முகப்பைக் கடந்து வளவுக்குள் போனதும் நான் அண்ணாந்து பார்த்தேன். எல்லாரும் ஆத்தங்குடிக் கல்லைப் பார்க்கக் குனிவார்கள். இந்த வீடுகளில் படம் பார்க்க வேண்டுமானால் நிமிர வேண்டும். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள், நம்மை நோக்கிச் சற்றுக் குனிந்தபடி. சரஸ்வதி, லட்சுமி, முருகன். அதற்கு அடுத்து விபூதிப்பட்டையோடு ஐயாக்கள். கல்யாணப் படம், சஷ்டியப்தபூர்த்திப் படம். சிலவற்றில் கருப்பு வெள்ளையின் மேல் கையால் வண்ணம் ஏற்றியிருந்தார்கள். வைரத்தோட்டில் மட்டும் வெள்ளைப் புள்ளி வைத்து ஜொலிக்க விட்டிருந்தது ஒரு தூரிகை.

"எதைப் பாக்கணும் தம்பி? எல்லாம் பெரியவுகதான்" என்றார் ஆச்சி.

"கடை, கிட்டங்கி இப்படி ஏதாவது படம் இருக்கா ஆச்சி?"

யோசித்தார். "அதையெல்லாம் யாரு மாட்டுவாக?" என்றார் முதலில். அப்புறம், "ரெண்டாங்கட்டுல ஒண்ணு கெடக்கும், போய்ப் பாருங்க" என்று வேலைக்காரப் பெண்ணைக் கூட அனுப்பினார்.

அது நெல் கொட்டும் அறைக்குப் பக்கத்தில், சாமி படங்களுக்கெல்லாம் கீழே, கண்ணாடியில் விரிசலோடு தொங்கியது. துடைத்துப் பார்த்தேன். நீளமான ஒரு கூடம். தரையில் பாய் விரித்து இரண்டு வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவர் முன்னாலும் சாய்வான மூடி வைத்த மரப்பெட்டி. பின்சுவரில் அலமாரிகள், அவற்றின் மேல் எழுத்துகள். ரங்கூன் முகல் தெருவில் இருந்த கிட்டங்கி என்று ஆச்சி சொன்னார். அவர் மாமனாருடைய தகப்பனார் அங்கே அடுத்தாளாகப் போய், பிறகு மேலாளாக இருந்தவராம். வட்டிக்கடை என்று சொன்னால் நாம் முகப்புப் பலகை, கம்பிக்கூண்டு, நாற்காலி என்று கற்பனை செய்கிறோம். இங்கே ஒரு பாயின் அகலம்தான் ஒரு கம்பெனி. ஒரே கூரையின் கீழ் பத்துப் பதினைந்து விலாசங்கள். அந்தப் பெட்டி இருக்கும் இடம்தான் ஆபீஸ், இரவில் அதை ஒட்டியே படுக்கை.

படத்தின் நடுவில் இருப்பவர்கள் கேமராவை முறைத்துப் பார்க்கிறார்கள். நான் நேரம் செலவழித்தது ஓரங்களில். இடது கோடியில், சட்டத்தின் மரம் மறைக்கும் விளிம்பில், ஒரு பையன் பாதி முகத்தோடு நிற்கிறான். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். கையில் எதையோ வைத்திருக்கிறான், கூஜாவோ மைக்கூடோ. பெட்டியடிப் பையன். எழுத்தும் கணக்கும் படித்த கையோடு கப்பல் ஏறி, தண்ணீர் மொண்டு வைத்து, எடுபிடி வேலை செய்து, ஐந்தொகை போடப் பழகி, கடைசியில் மேலாளாகும் வரிசையில் முதல் படி. அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஆச்சியிடம் யார் என்று கேட்டேன். படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "தெரியலையே. நம்ம வீட்டுப் பிள்ளை இல்லை" என்றார்.

இந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பது தெரிந்த சங்கதி. பர்மாவின் நெல் விளையும் கீழ் மாவட்டங்களில் நகரத்தார் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழ, கடன் வாங்கியவர் பணத்துக்குப் பதில் நிலத்தை விட்டுக் கொடுக்க, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அந்த மாவட்டங்களின் பயிர் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் பெயரில் இருந்தது. யாரும் விரும்பி வாங்கிய நிலம் இல்லை, விற்கவும் முடியவில்லை. 1942இல் ஜப்பான் வந்தது. கொஞ்சம் பேர் கப்பலில், நிறையப் பேர் காட்டு வழியே கால்நடையாக வந்தார்கள். சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. ஊரில் வீடு மட்டும் மிஞ்சியது. இந்த வீடுகளில் படங்களைத் தேதிவாரியாகப் பார்த்தால் ஒரு இடத்தில் சட்டம் போட்ட பெரிய படங்கள் நின்றுபோய், அதற்குப் பிறகு வருபவை சிறுத்துவிடுகின்றன. கணக்குப் புத்தகம் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அந்தக் கிட்டங்கிப் படத்தை ஆச்சியின் அனுமதியோடு என் போனில் எடுத்துக்கொண்டேன். "பின்னாடி பேரு எழுதியிருக்கா பாருங்க" என்றார். சட்டத்தைத் திருப்பினேன். பின்பலகையில் ஆணி துருப்பிடித்திருந்தது. எழுத்து எதுவும் இல்லை.

புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. இந்த ஊரில் வழி தவறுவது கஷ்டம். பழைய அரண்மனைப் பகுதியைச் சுற்றி நாலு ராஜ வீதிகள். அதற்கு வெளியே கீழ இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, மேல இரண்டாம் வீதி என்று சதுரம் சதுரமாகத் தெருக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேஜர் பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேய ரெசிடெண்டின் யோசனைப்படி தொண்டைமான் போட்ட தெருக்கள் இவை. பிறகு 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி ஊரை இன்னொரு தரம் கழுவித் துடைத்தார். திருவாங்கூரில் திவானாக இருந்து தேர்ந்தவர். பல்லவன் குளத்தைச் சீராக்கியதும், குடிதண்ணீருக்குப் புதுக்குளத்தைச் செப்பம் செய்ததும், பொது அலுவலகக் கட்டடத்தை எழுப்பியதும் அவர் காலம். புதுக்கோட்டையின் பழைய படங்கள் என்று கிடைப்பவற்றில் நிறைய இந்தக் கட்டடங்கள்தான்.

படங்களையும் கட்டடங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு போனபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அரசாங்க ஆபீஸ் குடியேறிய கட்டடம் பிழைத்திருக்கிறது. 1930ஐ ஒட்டி எழும்பிய புதிய அரண்மனை, 1974 ஜனவரி 14இல் மாவட்டம் பிறந்ததிலிருந்து கலெக்டர் ஆபீஸ். கல்லால் ஆன முகப்பு, வளைவுகள், கோபுரங்கள் எல்லாம் படத்தில் இருப்பது போலவே இருக்கின்றன. வாசலில் யானைக்குப் பதில் மனு கொடுக்க வந்தவர்களின் மொபெட்டுகள். மன்னர் கல்லூரி கல்லூரியாகவே இருக்கிறது. பெண் படிப்பது அதிசயமாக இருந்த காலத்தில் முத்துலட்சுமி ரெட்டி படித்த இடம். பொது அலுவலக வளாகத்தில் இன்றும் கோப்பு நகர்கிறது, அல்லது நகராமல் இருக்கிறது. கவர்மெண்ட் காரியாலயம் மெதுவாக வேலை செய்யும், மெதுவாகத்தான் இடிக்கும் என்பதில் இப்படி ஒரு லாபம். ஒரே குறை மரங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்த மாவட்டத்தில் சாய்த்த மரங்களுக்குக் கணக்கே இல்லை. பழைய படத்தில் சாலையோரம் நிற்கும் மரத்தைக் காட்டி, "இது இப்ப எங்கேண்ணே?" என்று கேட்டால், கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், "கஜா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்.

ராஜாக்களின் படங்களுக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் அவை இங்கே இல்லை. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. தம்பதி புதுக்கோட்டைக்கு வந்து சில மாதங்களில் கிளம்பிவிட்டார்கள். பிறகு சிட்னி, கடைசியில் பிரான்ஸ். 1928இல் ராஜா இறந்தபோது உடலை லண்டனில் தகனம் செய்தார்கள். அதனால் புதுக்கோட்டை ராஜாவைப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் பழைய பத்திரிகைகளைப் புரட்டுவது சுலபம். ஆறு வயதில் பட்டத்துக்கு வந்த ராஜகோபாலத் தொண்டைமான் 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். அதற்குப் பிறகு ராஜாவைப் படம் எடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகத்தில் தொண்டைமான் காலத்து ஆயுதங்களும் அம்மன் காசுகளும் பார்க்கலாம். அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

நான் தேடியது கீழ ராஜ வீதியின் கடைகளை. அரண்மனைக்கும் கோயிலுக்கும் படம் இருக்கிற ஊரில் பஜாருக்குப் படம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்கிற படத்திலும் கடை தற்செயலாக விழுந்திருக்கும். ஊர்வலம் எடுத்திருப்பார்கள், யானைக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடையின் கித்தான் பந்தலும் பாதிப் பலகையும் தெரியும். பெயரில் கடைசி நாலு எழுத்து வாசிக்கலாம், 'அண்டு கோ'. யார் அண்டு கோ? ஆனால் அந்தப் பாதிப் பலகைக்குத் தகவல் நிறைய. தமிழில் எழுதியிருக்கிறதா, ஆங்கிலமா? விளக்கு மண்ணெண்ணெயா, மின்சாரமா? ரயில் 1929இல் திருச்சியிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய படமானால் வாசலில் மாட்டுவண்டி பாரத்தோடு நிற்கும், பிந்தையதானால் ஸ்டேஷனிலிருந்து வந்த மரப்பெட்டிகளும் கோணிகளும் அடுக்கியிருக்க வாய்ப்பு உண்டு. யானையைப் பார்த்து எதுவும் தேதி சொல்ல முடியாது. யானைகள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் அலங்காரம் செய்துகொள்கின்றன.

படம் இல்லாத வியாபாரங்களும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் வருமானவரிச் சட்டம் சமஸ்தான எல்லையில் நின்றுவிடும். அதனால் வெளியூர்ப் பணமும் இந்த வீதிகளுக்கு வந்து கம்பெனியாகப் பதிவானது. அந்த வியாபாரத்துக்கு ஒரு மேஜையும் ஒரு பெயர்ப்பலகையும் போதும். படம் எடுத்து விளம்பரப்படுத்துகிற வகையைச் சேர்ந்ததும் இல்லை. இன்னொன்று பத்திரிகைத் தொழில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் காகிதக் கட்டுப்பாடு கடுமையாகிப் புதுப் பத்திரிகை தொடங்குவது பெரும்பாடு. சமஸ்தானத்தில் அந்தக் கெடுபிடி இல்லை. விளைவு, இந்தச் சின்ன ஊர் 1940களில் பத்திரிகை ஊரானது. குழந்தைப் பத்திரிகைகள் வரிசையாகப் புறப்பட்டன. கண்ணதாசன் இளைஞராக இங்கே வந்துதான் 'திருமகள்' பத்திரிகையில் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். முருகு சுப்பிரமணியனின் 'பொன்னி' 1947இல் இங்கிருந்து வந்தது; பாரதிதாசன் பரம்பரைக் கவிஞர்களை வரிசைப்படுத்திய இதழ். எத்தனை அச்சுக்கூடங்கள், எத்தனை கம்பாசிட்டர்கள், மை நாற்றத்தோடு எத்தனை மாடிப்படிகள்! அவற்றின் வாசலில் நின்று யாரும் ஒரு படம் எடுத்ததாக நான் பார்த்ததில்லை.

இதில் கொஞ்சமாவது மிஞ்சியது திருக்கோகர்ணம் ஞானாலயாவில். பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தங்கள் சம்பளத்திலும் சேமிப்பிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களோடு கட்டியெழுப்பிய நூலகம். முதல் பதிப்புகளுக்காக ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். பழைய இதழ்களில் என் கண் போவது பின்னட்டைக்கும் உள்பக்க மூலைகளுக்கும்தான். அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரத்தில் தைலமும் பற்பொடியும் விற்கிறவர் தன் முழு விலாசத்தையும் அச்சடிப்பார்: எந்த வீதி, எந்தக் கோயிலுக்கு எதிரே, எந்த மாடி. கதையும் கட்டுரையும் ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாத பக்கத்தில் அந்த மூன்று வரி விலாசம் சொல்லிவிடும். பஜாரின் புகைப்படம் இல்லாத இடத்தில் இந்த மூலை விளம்பரங்களை வரிசையாக வைத்துத் தெருவைக் கடை கடையாக நிரப்பலாம்.

வெயில் தாழ்ந்ததும் கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், மாடியில் இருக்கும் ஒரு பழைய ஸ்டுடியோவுக்குப் போனேன். நடத்துபவர் மூன்றாவது தலைமுறை. இப்போது பாஸ்போர்ட் சைஸும் ஆதார் பிரிண்டும்தான் வருமானம். உள்ளே சுருட்டி வைத்திருந்த சீன் துணியை எனக்காக இறக்கிக் காட்டினார்: படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், பூந்தொட்டி, தூரத்தில் ஏரி. புதுக்கோட்டையில் பல வீடுகளில் தாத்தாக்கள் இந்த ஏரிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். அப்பா காலத்தில் நெகட்டிவ் மேல் பென்சிலால் டச்சிங் செய்வார்களாம். அம்மைத் தழும்பு மறையும், கன்னம் நிரம்பும். மேஜையில் சாய்வாகக் கண்ணாடி பதித்த அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. அதன்மேல் இப்போது ரூட்டர்.

"கடையெல்லாம் எடுப்பாகளா அப்ப?" என்று கேட்டேன்.

"திறப்பு விழாவுக்கு மட்டும் கூப்பிடுவாக. வாழைமரம் கட்டி, முதலாளி மாலை போட்டு, ஒண்ணு. அதுக்கப்புறம் கடையை மூடுற வரைக்கும் கூப்பிடமாட்டாக."

"அந்த நெகட்டிவ் இருக்கா?"

சிரித்தார். கண்ணாடித் தகடுகளை வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டிச் சாமி படத்துக்குக் கண்ணாடியாகப் போட்டுவிட்டார்கள். பிலிம் நெகட்டிவை வெள்ளி எடுக்கிறவர்கள் கிலோக்கணக்கில் வாங்கிப் போனார்கள். "அப்பா கோணிப்பை கோணிப்பையா தூக்கிப் போட்டாக சார். டார்க் ரூம் காலியானா போதும்னு இருந்துச்சு. அன்னைக்கு அது குப்பைதானே?" தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் முழுக்க இதே கதைதான். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு ஊர் ஊராக ஸ்டுடியோ ஏறி மிச்சம் மீதியை டிஜிட்டலில் ஏற்றியது. அவர்கள் வருவதற்குள் பெரும்பாலான வெள்ளி உருகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் ஒழுங்கு ஒன்று புரிகிறது. டிரைப்புக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது, கோட்டை கிடைத்தது. அரண்மனை காசு கொடுத்தது, தர்பார் கிடைத்தது. செட்டியார் வீடு காசு கொடுத்தது, ஐயாவும் அப்பத்தாவும் கிடைத்தார்கள். கடைக்காரர் ஒரே ஒரு தரம் கொடுத்தார், வாழைமரம் கிடைத்தது. காசு கொடுக்காதவர் எல்லாரும் ஓரத்தில் பாதி முகத்தோடு இருக்கிறார்கள்.

ஸ்டுடியோக்காரர் ஒரு விலாசம் சொல்லி அனுப்பினார். இரண்டு வீதி தள்ளி, ஒரு பாத்திரக்கடை. அங்கே கல்லாவுக்கு மேல் அந்தத் திறப்பு விழாப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது: வாழைமரம், மாலை, நடுவில் தாத்தா. பின்னால் கடைப் பலகையில் தட்டையான தூரிகை எழுத்து. ஆயுத எழுத்துப் போல மூன்று புள்ளி வைத்து முடித்திருந்தார் எழுதியவர். வாசலுக்கு வந்து பார்த்தால் அதே பலகை அதே இடத்தில் இருந்தது. பெயின்ட் பலமுறை ஏறி எழுத்து தடித்திருந்தது. மூன்று புள்ளிகளும் அப்படியே.

பேரன் கல்லாவில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். நான் பலகையைப் படம் எடுக்கலாமா என்று கேட்டதும் எழுந்து வந்துவிட்டார்.

"நல்ல நேரத்துல வந்தீக. ஆடிக்கு முந்தி எல்ஈடி போர்டு மாத்துறோம். அட்வான்ஸ் குடுத்தாச்சு. இதை எடுத்துக் குடுங்க, வாட்ஸாப்ல போடுங்க, எனக்கும் வேணும்."

"இந்தப் பலகையை என்ன செய்வீங்க?"

"மாடியில கெடக்கட்டும். தகரம்தான்."

தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசல் நடுவில் வந்து நின்றார். அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தார். இடதுபக்கம் இரண்டு பைக். வலதுபக்கம் படிக்கட்டில் கூடையை வைத்துக் கொத்தமல்லி, புதினா விற்கும் அம்மா. கடைக்குள்ளிருந்து சில்வர் குடங்களை வெளியே அடுக்கிக்கொண்டிருந்த பையன். "ஏம்ப்பா, பைக்கை நகட்டு. அக்கா, நீங்களும் செத்த தள்ளி உக்காருங்க, போட்டோ எடுக்கிறாக" என்று குரல் கொடுத்தார்.

"வேணாம்ண்ணே, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"கடை மறைக்குமே?"

"பலகை தெரியுது. மத்ததும் இருக்கட்டும்."

அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. கொத்தமல்லி அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்னைய எதுக்கு? நான் கடை ஆளு இல்லையே" என்றார். பெயர் கேட்டு, ஊர் கேட்டு, எத்தனை வருஷமாக அந்தப் படியில் உட்காருகிறார் என்று கேட்டு, எல்லாவற்றையும் படத்தோடு சேர்த்து எழுதி அனுப்பினேன். பேரன் அதை வாசித்துவிட்டு, குடம் அடுக்கும் பையன் பெயரை விட்டுவிட்டீர்களே என்று அங்கேயே சொல்லிச் சேர்க்க வைத்தார்.